முதல் தாளை நம்பாதவர்

அண்ணாச்சி டீக்கடையில் முதல் டீயைக் குடிக்க மாட்டார். கடைக்காரர் நீட்டுகிற கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ குடி, நான் பொறவு குடிக்கேன்" என்பார். புதுத்தூள் போட்டு இறக்குகிற முதல் டீ யார் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும், ஐந்தாவது டீயில்தான் கடைக்காரரின் யோக்கியதை தெரியும் என்பது அவர் கட்சி. அந்த ஐந்தாவது டீ வருவதற்குள் பால் தீர்ந்துபோய் வெறும் வாயோடு அவர் கம்பெனிக்குத் திரும்பிய நாட்களும் உண்டு. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு மோசமான டீயிலிருந்து தப்பித்துவிட்ட திருப்தியோடுதான் நடப்பார்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை வெட்டி, சுருட்டி, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே ஆறு வருடம் பர்ச்சேஸ் பார்த்தேன். பர்ச்சேஸ் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். அட்டைப்பெட்டி, கோந்து, டியூப் லைட், முதலாளி அறைக்கு ஊதுபத்தி, இவைதான் என் சாம்ராஜ்யம். அண்ணாச்சி பேக்கிங் ஹாலுக்கு சூப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சட்டைப் பையில் பித்தளையில் ஒரு மடிப்புப் பூதக்கண்ணாடி வைத்திருப்பார். துணி மேல் அதை வைத்துக் குனிந்து, அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணிச் சொல்வார். அவர் எண்ணிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஜவுளிக்கடையில் அவரோடு போய் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். முந்தியைக் காட்டினால் உள்மடிப்பை விரி என்பார். உள்மடிப்பை விரித்தால் புடவையைத் திருப்பு என்பார். நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார். அதை வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள், தனக்கு நெசவுதான் முக்கியம் என்பார். கடைப்பையன் முகத்தில் ஈயாடாது.

அவருடைய தங்கை மகளுக்கு கிருஷ்ணன்கோவிலில் மாப்பிள்ளை பார்த்தார்கள். எல்லோரும் பூ, பழம் என்று நல்ல நாள் பார்த்துப் போனபோது இவர் போகவில்லை. பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், யாரிடமும் சொல்லாமல், அந்த வீட்டு வாசலில் போய் நின்று ஏதோ விலாசம் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பாத்திரம் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தானாம். திரும்பி வந்து தங்கையிடம், "பாக்கலாம்" என்றார். அதுதான் அவர் வாயிலிருந்து வருகிற உச்சபட்சப் பாராட்டு. கல்யாணம் முடிந்து இரண்டு பிள்ளைகளும் பிறந்தாகிவிட்டன. மாப்பிள்ளை எப்படி அண்ணாச்சி என்று கேட்டால், பாக்கலாம் என்றுதான் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரோடு சேர்ந்து கலர் லேசர் பிரிண்டர் வாங்கி வரச் சொன்னார் முதலாளி. எனக்கு வாய்த்த சோதனையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டர் ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேண்டேஜ் ஐந்து அகலத்தில் வரும். பெட்டி மேல் ஒட்டுகிற லேபிளில் அகலத்துக்கு ஒரு கலர் பட்டை என்று வெளிநாட்டு வியாபாரி போட்டுக் கொடுத்திருந்தார். எழுத்தெல்லாம் அவர் ஊர்ப் பாஷை, அகலத்துக்கு எண்கூடக் கிடையாது. எங்கள் பேக்கிங் ஹால் பெண்கள் நாற்பது பேரும் அந்த எழுத்தைச் சட்டை செய்ததில்லை. பட்டைகளுக்கு அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். மாம்பழம், குருத்து, வாடாமல்லி, வானம், காப்பி. குருத்து என்றால் வாழைக்குருத்து, மஞ்சள் கலந்த இளம்பச்சை. ஐந்து சென்டிமீட்டர், பத்து சென்டிமீட்டர் என்று அங்கே யாரும் பேச மாட்டார்கள். மாம்பழம் இருபது பெட்டி ஏத்தியாச்சு என்பார்கள். முதலாளியே அப்படித்தான் பேசுவார்.

லேபிளை வெளியூர் அச்சகம் ஒன்றில் மொத்தமாக அடித்து வாங்கி வைத்திருந்தோம். ஆடிப்பூரத் தேருக்கு வில்லிபுத்தூரில் ஊரே திரண்டிருந்த அன்று, கம்பெனிக்கும் லீவு. மறுநாள் காலையில் கண்டெய்னர் வரவேண்டியிருந்ததால் அண்ணாச்சி மட்டும் வந்து மிச்சப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினார். இரண்டு மாதம் கழித்து வியாபாரியிடமிருந்து கடிதம் வந்தது. மாம்பழப் பட்டை ஒட்டிய பெட்டிக்குள் குருத்து அகலமும், குருத்துப் பட்டைக்குள் மாம்பழ அகலமும் இருந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற சரக்கு, இன்னொரு தடவை மாறினால் ஆர்டர் அத்தோடு முடிந்தது என்று எழுதியிருந்தார். எங்கள் கம்பெனிக்கு அவர் ஒருவர்தான் பெரிய வியாபாரி. அவர் போனால் பேக்கிங் ஹாலுக்குப் பூட்டுத்தான். நாற்பது பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

முதலாளி அண்ணாச்சியைக் கூப்பிட்டு எப்படி நடந்தது என்று கேட்டார். லேபிள் மங்கிப்போயிருந்தது, டியூப் லைட்டில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது என்றார் அண்ணாச்சி. பதினாறு வருடத்தில் ஒரு பெட்டி மாற்றாத மனிதர் சொல்கிறார், யார் சந்தேகப்படுவார்கள்? அச்சகத்துக்கு லேபிள் வேலை நின்றது. ஆபீசிலேயே ஒரு கலர் லேசர் வாங்கி, வேண்டும்போது புத்தம் புதிதாக அடித்துக்கொள்வது என்று முடிவானது. கம்பெனி காலண்டரையாவது அந்த அச்சகத்துக்கே கொடுக்கவேண்டும் என்று அண்ணாச்சி மட்டும் பிடிவாதமாக நின்று கொடுக்க வைத்தார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? மூன்று இரவு உட்கார்ந்து இன்டர்நெட்டில் படித்துத் தள்ளினேன். டிபிஐ என்றால் ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி, டோனர் எப்படி உருகிப் பேப்பரில் ஒட்டுகிறது, நிமிடத்துக்கு எத்தனை பக்கம், எல்லாம் மனப்பாடம். எட்டு மெஷின்களை ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டு அண்ணாச்சியிடம் பெருமையாக நீட்டினேன். அவர் அதை வாங்கி முதலில் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

ராஜபாளையத்தில் முதல் கடை. டை கட்டிய விற்பனையாளர் ஒரு பட்டனை அழுத்தினார். பழக்கூடையும் பஞ்சவர்ணக்கிளியும் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையுமாக ஒரு தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. திராட்சையை எடுத்து வாயில் போடலாம் போல இருந்தது. நான் வாயைப் பிளந்தேன். அண்ணாச்சி தாளைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, இது யார் பேப்பர் என்று கேட்டார். கம்பெனி கொடுத்த ஸ்பெஷல் பேப்பர் என்றார் அவர்.

"அப்போ அந்தப் பேப்பருக்குத்தாம்ல மார்க்கு. மெஷினுக்கு என்ன மார்க்கு?" என்று என்னிடம் கேட்டார் அண்ணாச்சி.

பிறகு மஞ்சள் பையைத் திறந்தார். அதற்குள் எங்கள் லேபிள் ஒட்டுத்தாள் ஒரு கட்டு, பென் டிரைவ், எங்கள் கம்பெனிப் பஞ்சு, ஒரு குப்பியில் ஸ்பிரிட். எங்கள் லேபிளை எங்கள் தாளிலேயே அடிக்கச் சொன்னார். ஒன்று அடித்து நீட்டினார்கள். அதைப் பார்க்காமல் கீழே வைத்தார். ஐம்பது அடிக்கச் சொன்னார். முதல் தாளும் முதல் நாள் மாப்பிள்ளையும் ஒன்று, இரண்டும் குனிந்துதான் கும்பிடும் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். டை கட்டியவருக்கு வியர்த்துவிட்டது.

ஐம்பதாவது தாளை எடுத்து நகத்தால் சுரண்டினார். மடித்து, மடிப்பில் கலர் உதிர்கிறதா என்று பார்த்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைத்தார். ஆஸ்பத்திரிச் சாமான் என்றால் யாராவது ஸ்பிரிட் போட்டுத் துடைக்கத்தானே செய்வார்கள். கடை முழுக்க ஊசி போடுகிற அறை வாசம் வந்தது. அடுத்து எறும்பு மாதிரி இருந்த பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லி என்னை வாட்டினார். சாம்பல் நிறத்தில் அடர்த்தி குறைந்துகொண்டே போகிற ஒரு பட்டையை அடித்து, நடுவில் கோடு கோடாக விழுகிறதா என்று பார்த்தார். நடு ரோட்டில் வெயிலில் ஒரு தடவை, கடைக்குள் டியூப் லைட்டில் ஒரு தடவை. கடைசியாகப் பித்தளைக் கண்ணாடியை எடுத்து லேபிளில் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் போய் ஒரு பன்னும் டீயும் முடித்துவிட்டு வந்தேன். அப்போதும் குனிந்தேதான் இருந்தார்.

நிமிர்ந்து, போகலாம் என்றார். காரணம் கேட்டால், மனசுக்குப் படவில்லை என்றார்.

எனக்குப் படவேண்டிய அளவுக்குப் பட்டுவிட்டது. அந்தக் கடையிலிருந்த பெரிய மெஷின்தான் என் அட்டவணையிலும் முதலிடம். அதன் பிரிண்டில் குறை என்று சொல்ல ஒரு ஊசிமுனை இடம் கிடையாது. ஆனால் அண்ணாச்சியோடு ஒரு வாரம் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் அதே ஐம்பது தாள், அதே ஸ்பிரிட், அதே குனிதல். எங்களைத் தூரத்தில் பார்த்தாலே ஒரு கடையில் மெஷினை ஆஃப் செய்தார்கள்.

வில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் உரிமையாளர் பிரிண்டரும் விற்பார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, அந்தா கிடக்கு, அடிச்சுப் பாருங்க என்றார். கட்டை குட்டையாக ஒரு மெஷின். அடித்தோம். பட்டையில் கலர் ஒரே சீராக நிரம்பாமல் கொஞ்சம் பொரிபொரியாக இருந்தது. கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சி குனிந்தார். இந்தத் தடவை ஒரு நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"பாக்கலாம்" என்றார்.

நான் ஸ்டூலிலிருந்து விழாதது என் முன்னோர் செய்த புண்ணியம். சொந்த மருமகனுக்கு அவர் கொடுத்த மார்க்கை இந்தப் பொரிகடலை மெஷினுக்குக் கொடுக்கிறாரே என்று பஸ்ஸில் வழியெல்லாம் சண்டை போட்டேன். டிபிஐயைச் சொன்னேன், வேகத்தைச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். முடிவாக, இரண்டு மெஷினையும் முதலாளி முன்னால் கொண்டுவந்து வைப்பது, அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று ராசியானோம்.

அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு நிற்பதில்லை. முதலாளி அறையில் பெரிய மெஷின் ஒரு மேஜையில், கட்டை மெஷின் ஒரு மேஜையில். டை கட்டியவர் ஒரு பக்கம். ஜெராக்ஸ் கடைக்காரர் இன்னொரு பக்கம், அன்றைக்கும் கையில் பேப்பரோடு. அண்ணாச்சி தன் பரீட்சை முழுவதையும் நடத்தினார். ஐம்பது போதாது, இருநூறு தாள் என்றார். பெரிய மெஷின் இருநூறையும் அடித்துத் தள்ளியது. இருநூறாவது தாளும் முதல் தாளும் இரட்டைப் பிள்ளைகள். நகத்துக்கு உதிரவில்லை, ஸ்பிரிட்டுக்குக் கலையவில்லை, மடிப்பில் வெடிக்கவில்லை. ஒவ்வொரு பரீட்சையிலும் அது தேறத் தேற அண்ணாச்சியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கட்டை மெஷினும் தேறத்தான் செய்தது. ஆனால் பக்கத்தில் வைத்தால் மாநிலத்தில் முதலிடத்துக்குப் பக்கத்தில் பாஸ் மார்க் போலத்தான்.

முதலாளி தன் பரீட்சைக்கு வந்தார். செல்போனை எடுத்தார். அதில் ராணியின் படம். ராணி அவர் வீட்டு நாய், எங்கள் ஊர் ஜாதி. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். முதலாளி எங்களிடம் தமிழ், ராணியிடம் மட்டும் தெலுங்கு. பெரிய மெஷினில் ராணி பால் வெள்ளையாக, மூக்கு பன்னீர்ரோஜா இதழாக வந்து இறங்கினாள். கட்டை மெஷினில் லேசாகப் பழுப்பேறி, மூக்கு செங்கல் கழுவிய நிறத்தில் வந்தாள். "பாகுந்தி", நன்றாக இருக்கிறது என்று பெரிய மெஷின் தாளைத் தூக்கிப் பிடித்தார் முதலாளி. நாய்க்கே தெலுங்கு என்றால், நாயின் படத்துக்கும் தெலுங்குதானே.

டை கட்டியவர் ஆர்டர் பாரத்தை விரித்து வைத்தார். முதலாளி பேனாவைத் திறந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று உச்சி குளிர நின்றேன்.

"மொதலாளி, நாயைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தோம். படம் நல்லா இருக்கா இல்லையான்னு படத்தைப் பார்த்தா எப்படித் தெரியும், நாயைப் பக்கத்துல நிறுத்திப் பாருங்க என்றார். முதலாளிக்கு ராணி ஆபீசுக்கு வர ஒரு சாக்குக் கிடைத்ததே என்று சந்தோஷம். காரை அனுப்பினார்.

ராணி வந்தாள். அந்த ஜாதி நாய்க்கு வெளியாளைக் கண்டால் ஆகாது. டை கட்டியவர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர் பேப்பரை முழங்கால் வரைக்கும் இறக்கிக் கேடயமாகப் பிடித்தார். முதலாளி ராணியின் இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம் என்று பிடித்துப் பார்த்தார்.  ராணி வெள்ளையே இல்லை. முதுகில் ஒரு பழுப்பு, காதில் ஒரு மஞ்சள், மூக்கு செங்கல் கழுவிய நிறம். கட்டை மெஷின் ராணியை அப்படியே உரித்து வைத்திருந்தது.

முதலாளி ராணியின் காதைத் தூக்கிப் பார்த்தார். தெலுங்கில் அவளிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

"இந்தப் பெரிய மெஷினு நாய்க்கே பவுடர் பூசுது. நாளைக்கு லேபிளுக்கும் பூசும்" என்று சொல்லிவிட்டு, கட்டை மெஷினையே வாங்கச் சொன்னார்.

அவ்வளவுதான், என் டிபிஐ செத்தது. இரண்டு வாரம் அண்ணாச்சியோடு நான் பேசவில்லை. ஆனால் உள்ளுக்குள் அந்த ஆளின் மேல் பிரமிப்பு ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாயைக் கேட்கத் தோன்றியதே, அதற்கு எத்தனை அனுபவம் வேண்டும்! ஊரெல்லாம் இந்தக் கதையை நானே சொல்லித் திரிந்தேன்.

கட்டை மெஷினில் லேபிள் அடித்து முதல் பெரிய சரக்கு கிளம்ப வேண்டிய நாள். வியாபாரி எச்சரித்த பிறகு போகிற முதல் சரக்கு. முதலாளி காலையிலிருந்து சாப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பெண்களெல்லாம் தூக்குவாளியோடு வண்டி ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். நான் ஏதோ கேட்க ஹாலுக்குள் போனால், அண்ணாச்சி தனியாக, பெட்டி பெட்டியாகக் குனிந்து லேபிளில் கண்ணாடியை வைத்துப் பார்த்து, பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தார். ஹாலில் நல்ல வெளிச்சம். எல்கேஜி பிள்ளைகூட மாம்பழம் எது குருத்து எது என்று சொல்லும். இதற்கு எதற்கு அண்ணாச்சி கண்ணாடி என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தார். என் கையைப் பிடித்து ஒரு பெட்டி மேல் உட்காரவைத்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். பிறந்ததிலிருந்தே அப்படி. பச்சைக்கும் காவிக்கும் அவருக்கு வித்தியாசம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இலைக்குக் காவி அடித்து வாத்தியாரிடம் அடி வாங்கியதோடு அதை மறைக்கக் கற்றுக்கொண்டார். இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது கலர் பட்டை கிடையாது. பிறகு வந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. பெண்கள் பெயர் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க எழுதிக்கொள்வார், யாருக்கும் தெரியாது. தேர் அன்று யாருமில்லை. அச்சகத்து லேபிள் புள்ளி எதுவும் இல்லாமல் முழு மையில் அடித்தது, கண்ணாடி வைத்தாலும் ஒன்றும் தெரியாது. அடுக்கின இடத்தை வைத்து உத்தேசமாக ஒட்டியிருக்கிறார். அடுக்கு மாறியிருந்திருக்கிறது.

"அச்சுக்காரன் மேல பழியப் போட்டேன். அன்னையிலிருந்து எனக்குச் சோறு இறங்கல" என்றார். அவர் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். 

லேசர் பிரிண்டர் புள்ளிகளை வைத்துத்தான் கலர் காட்டுகிறது என்பதை அவர் முதல் கடையிலேயே கண்ணாடியில் கண்டுகொண்டாராம். என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மாம்பழப் பட்டையில் மஞ்சளுக்கு மேல் பொடிப்புள்ளிகள் வரிசையாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. குருத்துப் பட்டையில் அதே போல வரிசை, ஆனால் மறுபக்கம் சாய்ந்திருந்தது. நெசவில் சாய்வு பார்த்துப் பழகியவருக்கு அது போதும். கலர் தெரிய வேண்டாம், சாய்வு தெரிந்தால் மாம்பழமா குருத்தா என்று சொல்லிவிடுவார். பெரிய மெஷினில் புள்ளி அவ்வளவு நைஸ், சாய்வு கண்ணாடிக்குப் பிடிபடவே இல்லை. கட்டை மெஷினில் பொரிபொரியாக விழுந்ததே, அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அது குறை என்று வழியெல்லாம் சண்டை போட்டவன் நான்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அப்போ அந்த நாய் என்று கேட்டேன்.

"நாய் என்ன கலர்னு எனக்கு என்னல தெரியும்? மொதலாளி கையெழுத்துப் போடப் போனாக. செத்த நேரம் தள்ளிப்போடுவோம்னு வாயில வந்ததச் சொன்னேன்."

நான் பெட்டி மேலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு இரண்டு பேருக்குமே சிரிப்பு நின்றுபோனது.

முதலாளியிடம் சொல்லிவிடுவாயா என்று கேட்டார்.  சொன்னால் இந்த வயதில் இவர் எங்கே போவார்? சொல்லாமல் இருந்து, ஒரு பெட்டி மாறினால், வெளியே உட்கார்ந்து சாப்பிடுகிற நாற்பது பேரின் கதி என்ன?  நான் அடுத்த பெட்டியைப் பார்த்து, குருத்து என்றேன். அவர் கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று குறி போட்டார். அடுத்தது மாம்பழம் என்றேன். அதற்கும் குனிந்தார். இப்படி நான் சொல்ல அவர் குனிய, பத்து இருபது பெட்டி தாண்டியிருப்போம்.

வாசலில் நிழல் தட்டியது. கான்சாபுரத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிற அக்கா, பேக்கிங்கில் மூத்தவள், கழுவிய தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அண்ணாச்சி கண்ணாடியைக் கைக்குள் மூடினார்.

"பேர் சொல்லுதது எங்க வேலையாக்கும் தம்பி. நாங்க இத்தன வருசமா தொண்டத் தண்ணி வத்தப் பேர் சொல்லிக் கத்துதோமே, பின்ன யாருக்குன்னு நெனச்சீங்க?" என்றாள் என்னிடம்.

அண்ணாச்சிக்கு முகத்தில் ரத்தம் இல்லை. அவள் அவரைப் பார்க்காமல் தூக்குவாளியை ஆணியில் மாட்டினாள்.

"தேரன்னைக்கு மட்டும் அசந்துட்டோம். அதுக்குப் பொறவு நாங்க அம்புட்டு பேரும் ஒரே நாள்ல லீவு போடுததில்ல அண்ணாச்சி. மொற வச்சுருக்கோம்."

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.  அண்ணாச்சி கொஞ்ச நேரம் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுக்கொண்டு, சொல்லு தாயி என்றார்.

அவள் அடுத்த பெட்டியைப் பார்த்து, ஆபீஸ் வரைக்கும் கேட்கும்படி, வாடாமல்லி என்றாள். அண்ணாச்சி குனியாமலே குறி போட்டார்.